தின்னரும் மரபணுவும்: பெயின்ற் அடிக்கிற பெடியளுக்குப் பரிசோதனை தேவையா?

கனகராயன் எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதி ஓரத்துக் கராஜ் ஒன்றில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஸ்பிறே பெயின்ற் வேலை செய்கிறான். பள்ளிக்கூடம் விட்ட கையோடு தொடங்கியவன், இப்போது முப்பதை நெருங்குகிறான். லொறி, ஓட்டோ, உழவு இயந்திரம், போதாக்குறைக்கு வீட்டுக் கேற் எல்லாம் அவன் கையால்தான் வெளியே போகின்றன. ஆள் திடகாத்திரமான ஆள், காய்ச்சல் என்று படுத்ததே குறைவு.

இப்போது கல்யாணம் பேசுகிறோம். பெண் வீட்டில் ஒருவர் வட்சப்பில் வந்த எதையோ வாசித்துவிட்டு, தின்னரோடு வேலை செய்கிறவர்களுக்கு மரபணு பழுதாகுமாம், பிள்ளைகளுக்கும் வருமாம், ஒரு ஜீன் ரெஸ்ற் செய்து காட்டச் சொல்லுங்கள் என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். மச்சான் சிரித்துவிட்டுப் போய்விட்டான். மாமிக்கு நித்திரை இல்லை. கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் கேட்டால் மரபணுப் பரிசோதனை என்று பெருந்தொகை சொல்கிறார்கள், ஆனால் அது எதைப் பார்க்கும் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் இல்லை.

இதில் உண்மை எவ்வளவு, சும்மா கதை எவ்வளவு? அந்தப் பரிசோதனையில் காசைக் கொட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன் பாஸ் எழுதியது:

தம்பி, இப்படிக் கதைகளுக்கெல்லாம் காது கொடுத்தால் ஒரு தொழிலும் செய்ய ஏலாது. என் அப்பா சண்டைக்கு முந்தியே பெயின்ற் அடித்தவர், கையைக் கழுவுவதும் தின்னரில், சில நேரம் பெற்றோலில். எண்பது தாண்டியும் சைக்கிள் ஓடினார். நானும் இதே தொழில்தான், எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் நல்லாய் இருக்கின்றன. தலையிடி வரும், அது உண்மை. பால் குடித்தால் சரியாகிவிடும். பெண் வீட்டாருக்குச் சீதனப் பேச்சில் ஏதோ கணக்கு இருக்கிறது போல, அதைப் பாருங்கள்.

பாலியாறு எழுதியது:

பாஸ் அண்ணை, உங்கள் அப்பாவின் உடம்பு நல்ல உடம்பு, அவ்வளவுதான். சிகரெட் குடித்து தொண்ணூறு வரை இருந்தவரும் எல்லா ஊரிலும் இருக்கிறார். வேலையால் இடையில் விழுந்தவர் கராஜுக்கு வந்து கதை சொல்ல மாட்டார், அதனால் உங்களுக்குத் தெரிவதெல்லாம் தப்பியவர்களின் கணக்கு.

கனகராயன், நான் இரசாயனம் படிப்பிக்கிறவன், வைத்தியர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தின்னர் என்பது ஒரே ஒரு பொருள் இல்லை. கானுக்குள் தொலுயீன், சைலீன், அசற்றோன், பியூற்றைல் அசற்றேற், சிலவற்றில் மெதனோல் என்று கலந்து வரும். இவை எல்லாம் மரபணுவை ஒரே மாதிரித் தொடுவதில்லை. இந்தக் கூட்டத்தில் உண்மையான வில்லன் பென்சீன். தொலுயீனும் சைலீனும் பென்சீனுக்குச் சொந்தக்காரர், ஆனால் அதே குணம் இல்லை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம், அதை ஐ.ஏ.ஆர்.சி. என்பார்கள், பென்சீனை முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி என்பதுதான் அதன் கருத்து. தொலுயீனும் சைலீனும் மூன்றாம் பிரிவு. அதாவது தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை. மூன்றாம் பிரிவு என்றால் பாதுகாப்பானது என்று எடுக்கக் கூடாது, நரம்புக்கும் மூளைக்கும் தொலுயீன் செய்வது வேறு கதை.

பென்சீன் செய்வது என்னவென்றால், மூச்சோடு போய் இரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போகிறது. அங்கே ஒரு நொதியம், சி.வை.பி.2ஈ1 என்று பெயர், அதை வெளியேற்றுவதற்காக உடைக்கிறது. உடைந்து வருகிற பினோல், ஹைட்ரோகுயினோன் போன்றவை எலும்பு மச்சைக்குப் போய்ச் சேர்கின்றன, அங்கே இன்னொரு நொதியம் அவற்றைக் குயினோன் ஆக்கிவிடும். அதுதான் வினை. இரத்தக் கலங்கள் பிறக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, மரபணுக்களைச் சுமக்கிற நிறமூர்த்தத்தை (குரோமசோம்) உடைக்கும், கலம் இரண்டாகப் பிரியும்போது பங்கு பிழைக்க வைக்கும். சீனாவில் பென்சீனோடு வேலை செய்தவர்களின் முன்னோடி இரத்தக் கலங்களில் 7ஆம் நிறமூர்த்தம் ஒன்று குறைவதும் 8ஆவது ஒன்று கூடுவதும் கண்டிருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோயாளரிடம் காணப்படுகிற அதே வகை மாற்றங்கள்.

இது நேற்று வட்சப்பில் முளைத்த கதையும் இல்லை. 1897இல் சுவீடனில் சைக்கிள் ரயர் செய்த இளம்பெண்களுக்கு இரத்தம் ஊறாமல் போனதை சான்ரெசன் என்பவர் எழுதினார். 1928இல் பென்சீனால் இரத்தப் புற்றுநோய் வந்த முதல் ஆள் பதிவானார். துருக்கியில் அக்சோய் என்ற வைத்தியர் 1974இல், இஸ்தான்புல்லில் சப்பாத்து ஒட்டுகிற பசையோடு இருந்த தொழிலாளரில் 26 பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதை வெளியிட்டார். அவர்களின் பட்டறைகளைப் பற்றி வாசித்தால் நம்முடைய ஊர்தான் ஞாபகம் வரும், சின்ன அறை, காற்றுப் போக வழியில்லை, திறந்தபடி பசைத் தகரம்.

பால் விஷயம் அண்ணை, குடியுங்கள், எலும்புக்கு நல்லது. தின்னர் போவது மூச்சுப்பைக்கு, பால் போவது வயிற்றுக்கு. இரண்டும் சந்திக்கிற இடமே இல்லை.

ஒட்டுசுட்டான் எழுதியது:

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம், ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்சித்தான் ராங்கில் இருந்து எடுப்போம், பாதி வாய்க்குள் போகும். வன்னியில் ஒரு தலைமுறைக்கே ஜீன் ரெஸ்ற் செய்ய வேண்டும் போல இருக்கிறதே.

ஆய்வுகூடம் எழுதியது:

ஒட்டுசுட்டான் அண்ணை பகிடியாகச் சொன்னாலும் வாயால் உறிஞ்சுவதை இப்போதும் பெடியள் செய்கிறார்கள். மண்ணெண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் ஒரு மிடறு போனாலே நியூமோனியா வரும், மரபணு வரைக்கும் போகத் தேவையில்லை.

நான் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கனகராயன் அண்ணை கேட்ட பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் பெரிய குழப்பம். தனியார் இடங்களில் மரபணுப் பரிசோதனை என்று விற்பது பெரும்பாலும் பிறப்போடு வந்த மரபணு எழுத்தை வாசிக்கிறது. அம்மா அப்பாவிடம் இருந்து தலசீமியாவோ வேறு பரம்பரை நோயோ வருமா என்று பார்க்க அது உதவும். தின்னர் செய்கிற பழுது அங்கே தெரியாது, ஏனென்றால் அது உடம்பு முழுக்க ஒரே மாதிரி நடப்பதில்லை, இந்தக் கலத்தில் ஒரு முறிவு, அந்தக் கலத்தில் ஒன்று என்று சிதறி நடக்கிறது. ஆகவே அந்தக் காசு வீண்.

தொழிலாளரில் இந்தப் பழுதைப் பார்க்க ஆய்வாளர்கள் செய்வது வேறு. கன்னத்தின் உட்புறத்தை ஒரு மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, வருகிற கலங்களைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் எண்ணுவார்கள். கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தின் துண்டொன்று தனித்துவிட்டால், கலத்தின் கருவுக்குப் பக்கத்தில் குட்டிக் கரு ஒன்று தெரியும். அதை நுண்கரு என்கிறோம். சாதாரண ஆளில் ஆயிரம் கலத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். இரத்த வெண்குழியங்களிலும் இதை எண்ணலாம், பெனெக், மோர்லி என்ற ஆய்வாளர்கள் 1985இல் கொண்டுவந்த முறை இன்றுவரை அதற்குத்தான் பயன்படுகிறது. இன்னொன்று கொமெற் பரிசோதனை. கலத்தை ஜெல்லில் பதித்து மின்சாரம் செலுத்தினால் உடைந்த டி.என்.ஏ. வெளியே இழுபட்டு வால் நீண்டு தெரியும், வால் கூடக் கூட முறிவு கூட.

இப்போது முக்கியமான இடம். பெயின்ற் அடிக்கிறவர், பெற்றோல் நிலையத்தில் நிற்கிறவர், சப்பாத்துப் பசையோடு இருக்கிறவர் என்று பல நாடுகளில் எண்ணியிருக்கிறார்கள். கணிசமான ஆய்வுகளில் அவர்களின் சராசரி மற்றவர்களை விடக் கூடத்தான். ஆனால் அது கூட்டத்தின் சராசரி. உங்கள் மச்சானின் கன்னத்தைச் சுரண்டி ஆயிரத்துக்கு மூன்று என்று வந்தால், அதை வைத்து அவருக்குப் புற்றுநோய் வரும் என்றும் சொல்ல முடியாது, ஒன்று என்று வந்தால் வராது என்றும் சொல்ல முடியாது. வயது கூடினால் எண்ணிக்கை கூடும். போலேற், பி12 என்ற விற்றமின்கள் குறைந்தாலும் கூடும். சிகரெட் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, நம்முடைய ஊரில் வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம், அது கன்னக் கலங்களை நேராகவே தாக்குகிறது. வாய் சிவந்த பெயின்ற் பாஸ் ஒருவரின் கன்னத்தில் நுண்கரு கூடினால் குற்றவாளி தின்னரா புகையிலையா என்று நான் எப்படிச் சொல்வது?

ஆகவே என் கருத்து இது. இந்தப் பரிசோதனை ஆளைப் பற்றிச் சொல்வதை விடக் கராஜைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் கூடியிருந்தால் அந்த இடத்துக் காற்றில் பிழை. பல்கலைக்கழகம் ஏதாவது ஆய்வாகச் செய்தால் நல்லது. கல்யாணப் பேச்சுக்குச் சான்றிதழாகத் தர இது உதவாது.

கனகராயன் எழுதியது:

நன்றி தம்பி, இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் பெண் வீட்டார் கேட்ட மற்றக் கேள்வி அப்படியே நிற்கிறது. பிள்ளைக்குப் போகுமா?

இன்னொன்று, வேலையை விட்டால் இந்தப் பழுது திரும்பிவிடுமா, இல்லை ஏறினது ஏறினதுதானா?

பாலியாறு எழுதியது:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பதில் ஒரு பக்கம் நல்ல செய்தி. கன்னத்துக் கலங்கள் அடியில் பிறந்து மேலே வர ஒன்று முதல் மூன்று கிழமை எடுக்கும், பிறகு உதிர்ந்துவிடும். ஆகவே அங்கே எண்ணுவது கடந்த சில கிழமைகளின் கணக்கு, காற்றைச் சுத்தமாக்கினால் எண்ணிக்கை இறங்க இடமிருக்கிறது. உடம்பும் சும்மா இருப்பதில்லை, டி.என்.ஏ. முறிவுகளில் பெரும்பகுதியை அதுவே திருத்திவிடும். கெட்ட செய்தி எலும்பு மச்சையில். இத்தாலியின் மிலானில் போர்னி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பென்சீன் நஞ்சேறியவர்களைப் பார்த்தபோது, ஆள் தேறி ஆண்டுகள் போன பிறகும் இரத்தக் கலங்களில் நிறமூர்த்த முறிவுகள் நின்றன. மூலக் கலத்தில் விழுந்த பிழை பிறகு அதன் வாரிசுகளுக்கெல்லாம் போகும்.

அதே மிலான் குழு 1971இல் எழுதியது பாஸ் அண்ணைக்கும் பிடிக்கும். அங்கே ஓர் அச்சகத்தில் மைக்குப் பென்சீன் பாவித்தார்கள், பிறகு தொலுயீனுக்கு மாறினார்கள். பென்சீன் பட்டவர்களில் நிறமூர்த்த முறிவுகள் கூடியிருந்தன, தொலுயீன் மட்டும் பட்டவர்களில் மற்றவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் கானுக்குள் என்ன இருக்கிறது என்பதில் நான் இவ்வளவு நிற்கிறேன்.

பிள்ளைக்குப் போகுமா என்பது. இரத்தக் கலத்தில், கன்னத்தில், மச்சையில் நடந்த பழுது பிள்ளைக்குப் போகாது. அவருக்கு மட்டும். பிள்ளைக்குப் போகிறது விந்தணுவும் முட்டையும்தான். அங்கும் பார்த்திருக்கிறார்கள்: 2010இல் வந்த ஓர் ஆய்வில், சீனத் தொழிற்சாலைகளில் பென்சீன் பட்ட ஆண்களின் விந்தணுக்களில் நிறமூர்த்த எண்ணிக்கை பிழைத்தவை கூடியிருந்தன, அதுவும் அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்குக் கிட்டவே. விந்தணுவில் கண்டதையும் பிறந்த பிள்ளையில் கண்டதையும் ஒன்றாக்கக் கூடாது. பெயின்ற் அடிக்கிறவருக்குப் பிள்ளை பிழையாகப் பிறக்கும் என்று இதை வைத்து ஒருவரும் சொல்ல முடியாது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள். ஆகவே பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர் அதற்கு முந்திய மூன்று மாதமாவது காற்றோட்டத்தோடும் சரியான மாஸ்க்கோடும் வேலை செய்தால் அது நியாயமான கவனம். பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள், அதற்கு மேல் சான்றிதழ் தர யாராலும் ஏலாது.

முத்தையன்கட்டு அக்கா எழுதியது:

எல்லோரும் ஆண்பிள்ளைகளின் கதைதான் கதைக்கிறீர்கள். நான் ஒரு கார்மென்ற்ஸில் இருந்தவள், பெயர் வேண்டாம். துணியில் எண்ணெய்க் கறை பட்டால் ஒரு துப்பாக்கி மாதிரி இருக்கிற கருவியால் மருந்து அடித்துக் கறை எடுப்போம். இனிப்பான மணம், கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும். போத்தலில் பெயர் இல்லை, ஸ்பொற் லிஃப்ரர் என்று மட்டும் கையால் எழுதி ஒட்டியிருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒரு தங்கச்சியும் அதே மேசையில்தான். மேற்பார்வைக்கு இருந்தவரிடம் என்ன மருந்து என்று கேட்டால் உனக்கு எதுக்கு என்று கேட்பார். இதுவும் அந்த வகைதானா?

பாலியாறு எழுதியது:

பெயர் இல்லாத போத்தலைப் பார்த்து இதுதான் என்று சொல்ல மாட்டேன், அக்கா. ஆனால் கறை எடுக்கிற திரவங்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் பாவிப்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம், இனிப்பு மணம் அவற்றின் குணம். அவற்றில் ஒன்று ட்ரைகுளோரோஎதிலீன், முதலாம் பிரிவு, சிறுநீரகப் புற்றுநோய். டைகுளோரோமீதேன் இரண்டு ஏ பிரிவு, அதாவது மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று கருதப்படுவது. ஜப்பானில் ஒசாக்காவில் ஓர் அச்சகத்தில் இளம் வயதுக்காரர்களுக்கு அடுத்தடுத்துப் பித்தக்குழாய்ப் புற்றுநோய் வந்து, மை துடைத்த திரவத்தில் இருந்த டைகுளோரோபுரொப்பேன் மேல் சந்தேகம் விழுந்தது. இன்று அதுவும் முதலாம் பிரிவில். அதுவரை அதைப் பெரிதாக ஒருவரும் கவனித்ததில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

கர்ப்பிணியை அந்த மேசையில் இருத்தியது பிழை. அதில் விவாதிக்க எதுவும் இல்லை.

ஒரு சங்கதி. சீனாவின் தியன்ஜின் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலை ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. பென்சீன் பட்ட 250 பேர், ஒப்பிடுவதற்குப் படாத 140 பேர். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலும் இரத்த வெண்குழியங்கள் இறங்கியிருந்தன. அதில் படாத 140 பேரும் யார் தெரியுமா, உடுப்புத் தைக்கிற தொழிற்சாலை ஆக்கள். ஆக, தைக்கிற இடம் என்றால் சுத்தம் என்பது அங்கே கணக்கு, உங்கள் மேசைக்கு அது பொருந்தவில்லை.

முத்தையன்கட்டு அக்கா எழுதியது:

எங்களைத்தான் நல்ல பக்கம் என்று நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் சிரிப்பு வருகிறது.

தூரதேசத்தான் எழுதியது:

நான் கனடாவில் பொடி ஷொப்பில் வேலை, சொந்த இடம் புதுக்குடியிருப்பு. ஊருக்கு வந்தபோது இரண்டு மூன்று கராஜ் போய்ப் பார்த்தேன். பெடியளின் கைவேலை இங்கத்தைய ஆக்களை விடத் திறம், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் மூக்கில் கட்டியிருந்தது லேஞ்சி, சிலர் கொரோனா மாஸ்க். அது தூசுக்கு. ஆவியை அதால் மறிப்பது நுளம்பு வலையால் புகையை மறிக்கிற வேலை. என்95 மாஸ்க்கும் அதேதான். ஆவிக்கு வேண்டியது இரண்டு பக்கமும் கரி நிரப்பிய கார்ட்ரிஜ் போடுகிற றப்பர் மாஸ்க், அதில் ஓர்கானிக் வேப்பர் என்று எழுதியிருக்கும், முன்பக்கம் தூசுக்கும் ஒரு தட்டு வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தால் உள்ளே வரும்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கிற ரூகே (2K) பெயின்ற் என்றால் அதுவும் போதாது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது, மணமே தெரியாமல் மூச்சுக்குழாயைப் பிடித்துவிடும், ஒருமுறை ஆஸ்துமா ஆகிவிட்டால் பிறகு அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க ஏலாது. இங்கே அதற்கு வெளியில் இருந்து குழாயால் காற்று தருகிற முகமூடி, அடிக்கிற அறையில் காற்றை இழுக்கிற விசிறி.

பரந்தன் பாஸ் எழுதியது:

கனடாத் தம்பி சொல்வது சரி, ஆனால் நீங்கள் வேலை செய்கிற அறையின் காசில் இங்கே நான் மூன்று கராஜ் போடுவேன். எங்களுக்கு உள்ள பிரச்சினை என்னவென்று தெரியுமா? கிரவல் புழுதி. சோளகம் எழும்பினால் றோட்டில் போகிற ஒரு ரிப்பர் போதும், அடித்த பெயின்ற் எல்லாம் மணல் கடதாசி மாதிரி ஆகிவிடும், கஸ்ரமர் காசு தரமாட்டான். அதனால்தான் நாலு பக்கமும் தறப்பாள் இழுத்துக் கட்டி உள்ளே நின்று அடிக்கிறோம். ஆசைக்கு மூடவில்லை. மேலே தகரம், பங்குனி சித்திரையில் உள்ளே நிற்க ஏலாது, தின்னர் கானைத் திறந்தால் கண்ணே எரியும்.

அப்பாவின் கதையை நான் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் பெயின்ற் அடித்தால் புற்றுநோய் என்று எழுதினால் நாளைக்கு ஒரு பெடியனும் தொழில் பழக வரமாட்டான்.

பாலியாறு எழுதியது:

அண்ணை, நான் எழுதவில்லை, பெயின்ற் அடிக்கிற தொழிலையே ஐ.ஏ.ஆர்.சி. 1989இல் முதலாம் பிரிவில் போட்டுவிட்டது, தொழிலாகவே. நுரையீரலும் சலப்பையும் அதில் வருகின்றன. பழைய பெயின்றில் ஈயமும் குரோமியமும் இருந்தன, கல்நார் இருந்தது, தின்னர் மட்டும் குற்றவாளி இல்லை.

ஆனால் புழுதி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே பெறுமதியான பேச்சு. ஆவி காற்றை விடப் பாரம், கீழேதான் தேங்கும். நம்முடைய பெடியள் பம்பருக்குக் கீழே குந்தி இருந்துதான் அடிக்கிறார்கள், மூக்கு இருப்பது அந்தத் தேக்கத்துக்குள். ஆகவே தறப்பாளை மேலே மூடுங்கள், காற்று வருகிற பக்கத்தை நனைத்த சாக்கால் மறையுங்கள், எதிர்ப்பக்கத்தில் நிலத்தோடு ஒட்டி ஒரு விசிறி வைத்து வெளியே இழுக்கவிடுங்கள். சும்மா மேசை விசிறி வேண்டாம், பொறி பறந்தால் ஆவி தீப்பிடித்துக்கொள்ளும், மோட்டரும் சுவிச்சும் ஆவி போகிற பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். கான் மூடியை மூடுங்கள். ஊறின துணியை மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். கையைத் தின்னரில் கழுவாதீர்கள், தோலாலும் ஏறும், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டால் போகும். பெடியளைக் கராஜுக்குள் படுக்கவிடாதீர்கள். இவற்றில் பெரிதாகக் காசு போகிறது விசிறிக்கு மட்டும்.

வேலை முடிய அடிக்கிற சாராயமும் கள்ளும் கூட இதில் சம்பந்தப்படும். நான் முதலில் சொன்ன ஈரல் நொதியத்தை நெடுங்காலக் குடி கூட்டிவிடுகிறது, கூடினால் பென்சீன் கெட்ட பொருளாக மாறுவதும் கூடும். சிகரெட் புகையிலேயே பென்சீன் இருக்கிறது.

இரணைமடு எழுதியது:

கராஜ் ஆக்களைத்தான் பேசுகிறீர்கள், வயலில் நிற்கிற எங்களுக்கும் ஒரு சொல். தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்கிற பூச்சிமருந்துகள் இருக்கிறதே, அதில் மருந்தைக் கரைத்து வைத்திருப்பதே சைலீன் மாதிரி ஒரு கரைப்பானில்தான் என்று விவசாயத் திணைக்களத்தில் இருந்த ஒருவர் சொன்னார். உண்மையா? உண்மையென்றால் இரண்டு போகமும் நாங்களும் தின்னர்தான் குடிக்கிறோம்.

பாலியாறு எழுதியது:

உண்மைதான். ஈ.சி. என்று போத்தலில் போட்டிருக்கும் மருந்துகளில் சைலீன் அல்லது அந்த வகைக் கரைப்பான் வழக்கமாக இருக்கும். ஆனால் அங்கே மருந்தே பெரிய ஆள், கரைப்பான் கூட வருகிற ஆள். அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் கராஜ் ஆக்களுக்குப் பதில் கிடைக்காது.

ஆய்வுகூடம் எழுதியது:

பரிசோதனை பற்றி ஒரு தொடர்ச்சி, நேற்று எழுத மறந்தது இல்லை, நேரம் இல்லை. கன்னம் சுரண்டுவது வேண்டாம் என்றேன், ஒன்றுமே செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. எஃப்.பி.சி., இரத்தக் கல எண்ணிக்கை, அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் செய்யலாம். பென்சீன் கூடப் பட்டால் வெண்குழியமும் குருதிச் சிறுதட்டும் இறங்கும். ஒருமுறை செய்த அறிக்கை பெரிய உதவி இல்லை, ஆண்டுக்கு ஒன்று செய்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள், இறங்கிக்கொண்டு போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எந்த டொக்டரிடம் போனாலும் தின்னரோடு வேலை என்று நீங்களாகச் சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார். முரசில் இரத்தம், காரணமில்லாத கண்டல், விட்டுவிட்டுக் காய்ச்சல், வெளிறல் இருந்தால் ஆண்டு முடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தொலுயீனுக்குச் சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் பார்ப்பது ஒரு பழைய முறை. அதற்கு முதல் நாள் சோடா குடித்திருந்தால் கதை கெட்டது, அதில் போடுகிற பென்சோவேற்றும் உடம்பில் அதே அமிலமாகத்தான் மாறும். இப்படி ஒரு அறிக்கையை வைத்து ஒருவரைப் பயப்படுத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டம் கேட்பவர்களுக்கு: தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் இருந்து இருக்கிறது, வேலையால் வந்த நோய்க்கு நட்டஈடு கேட்கிற கட்டளைச் சட்டம் 1934. தொழில் பாதுகாப்புக்கென்று ஒரு தேசிய நிறுவகமும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சம்பளச் சிட்டை இல்லாத பெடியன் எங்கே வேலை செய்தான் என்று காட்டுவதே முதல் தலையிடி, ஆகவே ஏதாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கனகராயன் எழுதியது:

இழையை வாசித்த எல்லோருக்கும் நன்றி. மச்சானின் கராஜுக்குப் போய்க் கான்களைப் பார்த்தேன். ஒரு கம்பனிக் கானில் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஓர் ஆளின் படம், கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலம். மற்றது ஐந்து லீற்றர் வெள்ளைக் கலன், எழுத்தே இல்லை, கடையில் பெரிய பரலில் இருந்து ஊற்றிக் கொடுப்பதாம், விலை பாதி. வேலையில் கூடப் போவது அந்த வெள்ளைக் கலன்தான். கடைக்காரரிடம் உள்ளே என்ன என்று கேட்டேன், தின்னர் என்றார்.

பெண் வீட்டாருக்குப் பாலியாறு அண்ணை எழுதியதை அப்படியே அனுப்பினேன். அவர்கள் இன்னும் பதில் போடவில்லை.

பாலியாறு எழுதியது:

நெஞ்சில் நட்சத்திரம் உள்ள படம் நீண்டகாலக் கேடு இருக்கிறது என்பதற்கான உலகப் பொது அடையாளம். அந்தக் கம்பனியிடம் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள், பதினாறு பகுதி இருக்கும், மூன்றாம் பகுதியில் சேர்மானம். அதில் 71-43-2 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், அது பென்சீன். 108-88-3 தொலுயீன். கேட்டைக் குறிக்கிற குறியீடுகளில் எச்340 என்று இருந்தால் மரபணுக் கேடு, எச்350 என்றால் புற்றுநோய். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இலக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வெள்ளைக் கலனை நிறுத்துங்கள். பரலில் வருவதை ஒருவரும் சோதிப்பதில்லை, மலிவுக் கரைப்பானில் பென்சீன் கலந்து வருவதற்கு வழி இருக்கிறது. மச்சானின் உடம்பில் என்ன இருக்கிறது என்று தேடுகிற காசை விட இந்த விலை வித்தியாசம் சின்னது.

பரந்தன் பாஸ் எழுதியது:

வெள்ளைக் கலன் நானும் வாங்குகிறதுதான். கம்பனிக் கானுக்கு மாறினால் ஒரு ஓட்டோவுக்கு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், கஸ்ரமர் ஒத்துக்கொள்வானா தெரியாது.

கனடாத் தம்பி, அந்தக் கரி மாஸ்க் ஒன்று வவுனியாவில் பார்த்தேன். கார்ட்ரிஜ் எவ்வளவு காலம் ஓடும்? மணம் வந்தால் மாற்று என்று கடைக்காரன் சொன்னான்.

தூரதேசத்தான் எழுதியது:

மணம் வரும் வரைக்கும் விடாதீர்கள் அண்ணை, மணம் வந்தால் கரி நிரம்பி முடிந்து கன நேரம். பெட்டியில் உள்ள கால அளவைப் பாருங்கள், வெக்கையில் அதை விடக் கெதியாக முடியும். வேலை முடிந்ததும் காற்றுப் போகாத பையில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள், ஆணியில் தொங்கவிட்டால் இரவு முழுக்கக் கராஜுக் காற்றை இழுத்துக் காலையில் பாதி செத்திருக்கும். வாங்கும்போது ஓரம் முகத்தில் ஒட்டுகிறதா என்று போட்டுப் பாருங்கள், அளவு மூன்று வரும், உங்களுக்கு நடு அளவு சரியாக இருக்கும்.